2104-ஆவது கல்

“அம்மப்பா, எங்கட சிற்றியின்ர பேரில வானத்தில ஒரு கல்லு இருக்காம். காட்டுங்கோ.”

பேத்தி இதைக் கேட்டது ஸ்காபரோ வீட்டின் பின்வளவில் வைத்து. இரவு பத்து மணி. பக்கத்து வீட்டு கராஜ் விளக்கு, பூனை நடந்தாலும் எரிகிற வகை. அதற்கப்பால் கடைத்தொகுதி ஒன்றின் வெளிச்சம். அதற்கும் அப்பால் முழு நகரமும் சேர்ந்து வானத்தில் பூசி வைத்த செம்மஞ்சள். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு விண்மீன்கள் தேறின. அவற்றில் ஒன்று பியர்சன் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

1990களில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தால் பால்வீதி கூரைக்கு மேலேயே கிடக்கும். அப்படியொரு வானம் இப்போது கிடைத்தாலும் பேத்தி கேட்ட கல்லைக் காட்டியிருக்க முடியாது. அது உண்மையில் இருக்கிறது. பெயரும் ரொறன்ரோதான். பதிவேட்டில் எண்ணோடு சேர்த்து ‘2104 ரொறன்ரோ’ என்று எழுதுவார்கள். ஆனால் இந்த நகரத்தின் முப்பது லட்சம் பேரில் ஒருவர்கூட அதை வெறுங்கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிலோமீற்றரில் சொன்னால் பூச்சியங்கள்தான் மிஞ்சும். ஆகவே சூரியனிலிருந்து பூமி வரையான தூரத்தை ஒரு முழம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் ஒன்றரை முழத்தில். வியாழன் ஐந்து முழத்துக்குச் சற்று மேலே. இரண்டுக்கும் நடுவே, இரண்டு முழத்துக்கு மேலே தொடங்கி மூன்றே கால் முழம் வரை கற்கள் நிறைந்த ஒரு வளையம். சிறுகோள் பட்டை என்பது அதுதான். ரொறன்ரோ அதன் வெளி ஓரத்துக்காரர்: ஏறத்தாழ 3.2 முழம். அங்கிருந்து சூரியனை ஒருமுறை சுற்றி வர ஐந்தே முக்கால் ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக எடுக்கிறது. வேகம் நொடிக்குப் பதினாறு, பதினேழு கிலோமீற்றர்.

பருமனைச் சொல்ல நகரமே அளவுகோலாக உதவுகிறது. ரொறன்ரோ மாநகரம் கிழக்கு மேற்காக 43 கிலோமீற்றர். கல்லின் குறுக்களவு சுமார் 35 கிலோமீற்றர். அதைத் தூக்கி வந்து ஒரு விளிம்பை ரூஜ் ஆற்றங்கரையில் வைத்தால் மறு விளிம்பு எட்டோபிகோக்குக்குள் போய்விடும். உயரத்தை நினைத்தால் இன்னும் மலைப்பாக இருக்கும். 553 மீற்றர் சி.என். கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அறுபத்துமூன்று தடவை அடுக்கினால்தான் உச்சி எட்டும். இவ்வளவு பெரிய கல்லுக்கு ஈர்ப்பு மட்டும் அற்பம். சாதாரணப் பாறையின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியின் ஈர்ப்பில் அறுநூறில் ஒரு பங்குகூட வரவில்லை. ஒரு நல்ல வேகப்பந்து வீச்சாளர் அங்கே நின்று ஓங்கி எறிந்தால் பந்து திரும்பி வராது. மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீற்றர் வேகம் இருந்தாலே அந்தக் கல்லை விட்டுப் பிரிந்து போய்விடலாம். நாங்கள் 401 நெடுஞ்சாலையில் போவதே அதைவிட வேகம், நெரிசல் இல்லாத நேரமாக இருந்தால்.

நெரிசல் என்றதும் இன்னொன்று. சிறுகோள் பட்டையைத் திரைப்படங்கள் வெள்ளிக்கிழமை மாலை 401 போலக் காட்டுகின்றன. விண்கலம் வளைந்து நெளிந்து கற்களுக்கு இடையே தப்பி ஓடும். மெய்யான பட்டை வெறிச்சோடிய இடம். ஒரு பெரிய கல்லுக்கும் அடுத்ததற்கும் சராசரி பத்து லட்சம் கிலோமீற்றர் இருக்கலாம். முழுப் பட்டையையும் ஒன்றாய்த் திரட்டி உருட்டினாலும் நிலவின் எடையில் நூறில் மூன்று, நான்கு பங்குதான். அதிலும் மூன்றில் ஒன்றை சீரிஸ் என்ற ஒரே உருண்டை வைத்திருக்கிறது. 1972-இல் புறப்பட்ட பயனியர் 10 தொடங்கி எத்தனையோ கலங்கள் இதைக் கடந்துவிட்டன. ஒன்றுகூட மோதவில்லை.

இத்தனை பெரிய, ஆனால் மங்கலான ஒன்றை யார், எப்படிப் பிடித்தார்கள்?

மங்கலை அளக்கும் கோலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கோலைச் செய்தவர் பிற்காலத்தில் சென்னைவாசி ஆனவர். நோர்மன் பொக்சன் இங்கிலாந்தில் இருந்தபோது, 1856-இல், விண்மீன் ஒளியின் படிகளுக்கு ஒரு கணக்கை முன்வைத்தார். ஐந்து படி கீழே இறங்கினால் ஒளி நூறில் ஒன்றாகக் குறையும். ஒரு படிக்குச் சுமார் 2.512 மடங்கு. உலகம் இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறது. நல்ல இருட்டில் நம் கண் ஆறாம் படியோடு நின்றுவிடும். 2104 ரொறன்ரோ நமக்கு மிக அருகில் வரும் நல்ல காலத்திலும் 14-ஆம் படியை ஒட்டித்தான் நிற்கிறது. எட்டுப் படி இடைவெளி. கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலே மங்கல் என்று பொருள்.

பொக்சன் 1861-இல் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். 1792-இல் கட்டிய இடம். அன்றைய கருங்கல் தூண், தமிழ், தெலுங்கு எழுத்துகளோடு, இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. வந்த வேகத்தில், ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசிய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது என்பதால் பெயரே ‘ஆசியா’, எண் 67. பிறகு சஃபோ, சில்வியா, கமிலா, கடைசியாக 1885-இல் வேரா. அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைத் தனியே கண்டுபிடித்தவர். சென்னை வானாய்வகக் கதையை எழுதுகிறவர்கள் பொக்சனோடு நிறுத்திவிட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

பொக்சன் காலத்து முறை கண்ணும் வரைபடமும். தொலைநோக்கியில் தெரியும் புள்ளிகளை விண்மீன் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று இருந்தால், அடுத்த இரவு மீண்டும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் சிறுகோள். நகராவிட்டால் படம் வரைந்தவர் விட்ட பிழை. ரொறன்ரோ இருக்கும் தூரத்தில் ஒரு கல், நமக்கு நேர் எதிரே வரும் நாட்களில், முழுநிலவின் அகலத்தைக் கடக்க இரண்டரை நாள் எடுக்கும். அவ்வளவு மெதுவாகத்தான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். 1891-இல் ஜெர்மனியின் மாக்ஸ் வொல்ஃப் ஒளிப்படத் தட்டைக் கொண்டு வந்து வேலையைப் பாதியாக்கினார். தொலைநோக்கி விண்மீன்களோடு சேர்ந்து நெடுநேரம் நகர்ந்துகொண்டிருக்க, விண்மீன்கள் கண்ணாடித் தட்டில் புள்ளிகளாகப் பதியும். சிறுகோள் மட்டும் ஒரு சிறு கீறலாகப் பதியும்.

2104-க்கு நேரே பதிவேட்டில் இருக்கும் நாள் 1963 ஆகஸ்ட் 15. கண்டவர் பெயர் கார்ல் காம்பர். பின்னாளில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில், அதன் டேவிட் டன்லப் வானாய்வகத்தில் பணிபுரிந்தவர். சிறுகோள் வேட்டை அவர் தொழில் இல்லை. விண்மீன்களின் இடத்தை நுட்பமாக அளப்பது, துருவ விண்மீனின் துடிப்பை ஆராய்வது, வெடித்த விண்மீன்களின் சிதறல்கள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று தட்டுக்குத் தட்டு ஒப்பிடுவது: இவைதான் அவர் வேலை. சிறுகோள் பட்டியலில் அவர் பெயரில் இருப்பது இந்த ஒன்றுதான். ஒரு புள்ளி ஓர் இழை நகர்ந்தாலும் உறுத்துகிற கண் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் வாய்க்கும்.

அந்த வானாய்வகத்தைப் பற்றி இரண்டு வரி. றிச்மண்ட் ஹில் வழியே போகிறவர்கள் யங் வீதியிலிருந்து கிழக்கே, மரங்களுக்கு மேலே, வெள்ளைக் குவிமாடம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 1935 மே 31-இல் திறந்தபோது அதன் 1.88 மீற்றர் தொலைநோக்கி உலகிலேயே இரண்டாவது பெரியது. சுற்றிலும் வயல்கள், இரவு இருட்டாகவே இருந்தது. ஹெலன் சோயர் ஹொக் பல்லாயிரம் விண்மீன்கள் திரண்ட கொத்துகளை ஆராய்ந்ததும், டொம் போல்டன் 1970களின் தொடக்கத்தில் அன்னப்பறவை மண்டலத்துக் கருந்துளைக்குச் சான்று திரட்டியதும் அங்கிருந்துதான். ஹொக் அம்மையார் ரொறன்ரோ ஸ்டார் நாளிதழில் முப்பது ஆண்டுகள் வானம் பற்றிப் பத்தி எழுதியவர். அவர் பெயரிலும் ஒரு சிறுகோள் உண்டு, எண் 2917. நகரம் வடக்கே ஏறி வந்து வயல்களை விழுங்கியது. 2008-இல் பல்கலைக்கழகம் அந்த நிலத்தை விற்றது. எங்கள் பின்வளவுச் செம்மஞ்சளுக்கும் அந்த விற்பனைக்கும் உறவுமுறை உண்டு. மார்க்கத்திலும் றிச்மண்ட் ஹில்லிலும் வீடு வாங்கிய நாங்களும் அதில் பங்காளிகள்தான்.

கல்லுக்கு வருவோம். கண்ட அன்றே அதற்கு ரொறன்ரோ என்று பெயர் வைத்துவிடவில்லை. முதலில் கிடைப்பது தற்காலிகச் சீட்டு. இந்தக் கல்லின் சீட்டு, 1963-க்குப் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள்: ‘பி’, ‘டி’. பார்த்தால் மோட்டார் வண்டித் தகடு. படிக்கத் தெரிந்தால் பிறப்புச் சான்றிதழ். ஆண்டை இருபத்துநான்கு அரைமாதங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ‘ஐ’ என்ற எழுத்து ஒன்றாம் எண் போலத் தெரிவதால் அதை விட்டுவிடுவார்கள். பதினைந்தாவது அரைமாதம், அதாவது ஆகஸ்டின் முதற்பாதி, ‘பி’. அந்த அரைமாதத்தில் நான்காவதாகப் பதிவானதால் நான்காம் எழுத்து ‘டி’. ஒரு நாள் பிந்தியிருந்தால் முதல் எழுத்தே மாறியிருக்கும்.

சீட்டு எண்ணாக மாறப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். ரொறன்ரோவுக்கும் அப்படித்தான். காரணம் நிர்வாகத் தாமதம் இல்லை. ஓரிரு இரவுகளின் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒரு கல் எந்தப் பாதையில் போகிறது என்று சொல்ல முடியாது. கொழும்பு கோட்டைக்கு வெளியே ஒரு பேருந்தை அரை நிமிடம் பார்த்துவிட்டு அது காலிக்கா கண்டிக்கா என்று சொல்வதுபோல. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு சுற்றுகளில், அதே கல்லை மறுபடியும் பிடிக்க வேண்டும். பாதை சந்தேகமில்லாமல் உறுதியானால்தான் நிலையான எண். எண் வந்த பிறகுதான் பெயர்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பட்ட பாடு இருக்கிறது. முதல் சிறுகோளே தொலைந்து போனதுதானே. 1801-இன் முதல் நாள் இரவு சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாத்சி சீரிஸைக் கண்டார். பெப்ரவரி நடுப்பகுதிக்குள் அவருக்கு உடல்நலம் குன்றியது. கல்லும் சூரிய ஒளிக்குள் மறைந்தது. எங்கே மீண்டும் வெளிவரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காவுஸ் என்ற இருபத்துநான்கு வயது இளைஞர், அந்தச் சில வாரக் குறிப்புகளை மட்டும் வைத்து, புதிய கணக்குமுறை ஒன்றை உருவாக்கி, இந்த இடத்தில் தேடுங்கள் என்றார். ஆண்டின் கடைசி இரவில் அங்கேயே அகப்பட்டது. எல்லாக் கற்களுக்கும் காவுஸ் வாய்க்கவில்லை. 1911-இல் வியன்னாவில் கண்ட அல்பேர்ட் என்ற சிறுகோளுக்கு 719 என்ற எண்ணையும் கொடுத்துப் பெயரையும் வைத்தார்கள். பிறகு அது கைநழுவிப் போயிற்று. மீண்டும் அகப்பட்டது 2000-ஆம் ஆண்டில். 89 ஆண்டுகள் அது பெயர் மட்டும் உள்ள, ஆள் இல்லாத பதிவு.

ரொறன்ரோவின் பாதையை அறிந்ததால்தான் அதைப் பற்றிச் சுவாரசியமான ஒன்றையும் சொல்ல முடிகிறது. அது ஒரு பள்ளத்தின் விளிம்பில் ஓடுகிறது.

வியாழன் ஒரு சுற்று வர ஏறத்தாழ 11.9 ஆண்டு. அதில் சரிபாதியில் சுற்றும் ஒரு கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நெருங்குவது ஒவ்வொரு முறையும் வானத்தின் அதே மூலையில். சந்தைக்குப் போகும் வழியில் ஒரே மூலையில் ஒரே கடன்காரர் நின்றால் என்ன செய்வோம்? சில வாரத்தில் வழியையே மாற்றுவோம். கல்லும் அதைத்தான் செய்கிறது. வியாழனின் இழுப்பு ஒரே இடத்தில், ஒரே திசையில், லட்சக்கணக்கான ஆண்டுகள் கூடிக்கொண்டே போக, அதன் பாதை நீண்டு நெளிந்து கடைசியில் அந்த இடத்தைவிட்டே போய்விடுகிறது. 3.27 முழத்தில் பட்டை ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்பதற்கு விடை இது. இதுபோல 2.5 முழத்திலும் ஒரு வெற்றிடம். இவற்றை 1866-இல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்கரான டேனியல் கேர்க்வுட். பட்டியலில் நூறு சிறுகோள்கூடத் தேறாத காலத்தில் அந்த வெறுமையைக் கண்டது பெரிய துணிச்சல் என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு மே மாதத்தில்தான் சென்னையில் பொக்சன் 87-ஆவதான சில்வியாவைப் பிடித்தார்.

ரொறன்ரோவின் சுற்று, வியாழனின் சரிபாதியைவிடச் சில மாதங்கள் குறைவு. அந்தச் சில மாதங்கள்தான் அதற்குக் காப்பு. வியாழனோடு சந்திப்பு ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆனால் சந்திக்கும் மூலை ஒவ்வொரு முறையும் விலகிக்கொண்டே போகிறது. கடன்காரர் இன்று தபாற்கந்தோரடியில், அடுத்த முறை கோயிலடியில். இழுப்புகள் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. வெற்றிடத்துக்கு இந்தப் பக்கம் ரொறன்ரோ. அந்தப் பக்கம், மூன்றரை முழத்தை ஒட்டி, நுங்கம்பாக்கத்தில் கண்ட சில்வியாவும் கமிலாவும். சில்வியாவுக்கு இரண்டு துணைநிலவுகள் இருப்பது 2005-இல் உறுதியானது. இரண்டு துணைகளோடு அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். பொக்சனின் தொலைநோக்கியில் மூன்றும் சேர்ந்து ஒரே புள்ளி.

2104-க்கு இதுவரை எந்தக் கலமும் போனதில்லை. ஆனால் பட்டையில் பிறந்த ஒரு சில்லை ரொறன்ரோக்காரர்கள் மிக நெருங்கி அளந்திருக்கிறார்கள். பென்னு என்ற அந்தக் கல் அரைக் கிலோமீற்றர் அகலம். பட்டையின் உட்புறத்தில் ஒரு பெரிய கல் உடைந்து சிதறியபோது உண்டாகி, மெல்ல நம் பக்கம் தள்ளப்பட்டு வந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2018 டிசம்பரில் அங்கே போனது. அதில் இருந்த லேசர் உயரமானி கனடாவின் பங்கு. பிரம்டனில் எம்.டி.ஏ. நிறுவனம் கட்டியது. அதற்கு அறிவியல் பொறுப்பு யோர்க் பல்கலைக்கழகத்தின் மைக்கல் டேலி. பிரம்டன் என்றால் எங்களுக்கு மலிவு வீடும் நீண்ட பயணமும்தான் நினைவுக்கு வரும். ஒரு சிறுகோளின் மேடுபள்ளங்களைக் கோடிக்கணக்கான லேசர் துடிப்புகளால் தடவிப் பார்த்த கருவி அந்த ஊரில் உருவானது என்று கல்யாண வீடுகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அந்த வரைபடம் அவசியமாகவே இருந்தது. மணல் பரந்த தரையை எதிர்பார்த்துப் போனவர்களுக்குப் பாறைக் குவியல்தான் காத்திருந்தது. 2020 அக்டோபரில் கலத்தின் கை தொட்டபோது மேற்பரப்பு பந்துத் தொட்டிபோல உள்வாங்கியது. 2023 செப்டம்பர் 24-இல் 121.6 கிராம் மண்ணும் கல்லும் யூட்டா பாலைவனத்தில் இறங்கின. உயரமானிக்குக் கைமாறாகக் கனடாவுக்கு அதில் நூற்றுக்கு நான்கு பங்கு. சமையல் கணக்கில் ஒரு மேசைக்கரண்டிக்குக் கிட்ட வருமா என்பது ஐயம்.

தமிழ்நாட்டுக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். வேராவுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க 103 ஆண்டுகள் ஆயின. 1988 பெப்ரவரி 17-இல் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டது அது. எண் 4130, பெயர் ராமானுஜன். செஸ் மேதை ஆனந்தின் பெயரில் 4538. வானியலாளர் சந்திரசேகரின் பெயரில் 1958.

கடைசியாக ஒரு தற்செயல். சிலி நாட்டு மலையொன்றில் வேரா ரூபின் வானாய்வகம் தன் முதல் படங்களை 2025 ஜூன் 23-இல் வெளியிட்டது. சுமார் பத்து மணி நேர அவதானிப்பில் அதுவரை யாரும் அறியாத சிறுகோள்களை அது பிடித்திருந்தது. எத்தனை என்று சொன்னார்கள் தெரியுமா? 2104. சீரிஸிலிருந்து தொடங்கிய பதிவேடு ரொறன்ரோவின் எண்ணை எட்ட முக்கால் நூற்றாண்டும் அதற்கு முன் ஒரு நூற்றாண்டும் தேவைப்பட்டன. இந்தக் கருவி அதே தொகையை ஒரு வேலைநாளில் அள்ளியது. ஆனால் அந்த 2104-க்கும் முன்னால் அதே வரிசைதான் காத்திருக்கிறது: சீட்டு, மறுபடியும் பார்ப்பது, பாதை, எண்.

இதையெல்லாம் பேத்திக்குச் சொல்லி முடிக்க இரண்டு மூன்று வார இறுதிகள் ஆயின. பெயர் வைக்கும் விதிகளில்தான் அவளுக்கு அக்கறை. பெயரை முன்மொழியும் முதல் உரிமை கண்டுபிடித்தவருக்கு. பதினாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அரசியல்வாதியின் பெயர் என்றால் அவர் இறந்து நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வளர்ப்பு நாய் பூனை பெயர்களை ஊக்குவிப்பதில்லை. கடைசி விதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

“ஊரின்ர பேர் வைக்கலாமோ?”

“வைக்கலாம். ரொறன்ரோ ஊர்தானே.”

“அது இல்லை அம்மப்பா. உங்கட ஊர்.”

யாழ்ப்பாணம் என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதினாள். விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். கராஜ் விளக்கு மறுபடியும் எரிந்தது, யாருமில்லாமலே.

“ஒன்பது,” என்றாள். “காணும்.”